மந்தைக்குப் பின்னால் ஒரு டர்போ

பெய்ஷென் கொண்டுவந்து வைத்த டர்போவை ஒரு கையால் தூக்கப் போனேன், மணிக்கட்டு மடங்கிவிட்டது. பாதி விஷயம் அப்போதே புரிந்தது. மீதியை அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி சொன்னது. பழுது பார்க்கக் கொண்டுவரும் இரும்பை யாரும் வெள்ளைத் துணியில் சுற்றுவதில்லை.

"பரிசா வந்ததா?" என்றேன்.

"ஆமா எஜே. ஊர்க்காரங்க குடுத்தது."

கரா-பால்தாவில் என்னைவிட இளையவர்கள் எல்லோருக்கும் நான் அனார்குல் எஜே, அதாவது அக்கா. பெய்ஷெனுக்கும் அப்படித்தான். அவன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, கல்பக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். முடி தொப்பியின் வடிவத்திலேயே படிந்திருந்தது. கணவாய்க்கு அந்தப்புறம், சூசமிர் பள்ளத்தாக்கில் இருக்கும் அவன் ஊருக்கு ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதற்கு அவன் ஒருவன்தான் டிரைவர். வண்டி பட்டறை வாசலில், இழுத்து வந்த வைக்கோல் லாரியின் பின்னால், கயிறுகூட அவிழ்க்காமல் நின்றது.

"ஆடு வெட்டினாங்களா?"

"வெட்டினாங்க. பெரியவர் கைய விரிச்சு வாழ்த்தினார். எல்லாரும் முகத்தத் தடவி ஆமின் சொன்னாங்க. எனக்கு அங்கி வேற போத்தினாங்க."

"உன் இன்ஜின் எவ்வளவு பெருசுன்னு யாராவது கேட்டாங்களா?"

அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "ஆடு எவ்வளவு பெருசுன்னு கேட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. மே மாதக் கடைசியிலிருந்து மலைக்கு ஏறுகிற வண்டி எல்லாம் என் வாசலில்தான் வந்து நிற்கும். குளிர்காலம் முழுவதும் அதே வண்டிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பரிசைக் கொடுத்தவர் மாமிர்பெக். சூசமிரில் பிறந்து, பிஷ்கெக்கில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். தலைநகரில் பிழைக்கும் அவ்வூர்க்காரர்களை ஒன்றுசேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். ஆம்புலன்ஸின் டர்போ உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பிறந்த ஊருக்குப் போய்ச் சின்ன சாமானைக் கொடுப்பதா? எங்கள் ஆட்களால் அது முடியவே முடியாது. கொடுப்பது பெரிதாக இருக்க வேண்டும். கொடுப்பவரின் முகமே அதில்தான் இருக்கிறது. ஆகவே கடையில் இருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்துத் துடைத்துச் சுற்றிவிட்டார்கள். அது இந்த இன்ஜினைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய லாரி இன்ஜினுக்காகச் செய்தது.

எங்கள் தொழிலில் டர்போவை நத்தை என்போம். பார்த்தால் ஏன் என்று தெரியும்: சுருண்ட இரண்டு இரும்பு ஓடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் ஒரு சின்னச் சக்கரம். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே தண்டு. இன்ஜின் வெளியே விடும் சூடான புகை முதல் ஓட்டுக்குள் நுழைந்து அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரமும் கூடவே சுழன்று, வெளிக்காற்றை உறிஞ்சி, நெருக்கி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் அதிக டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். வீணாகப் போகிற புகையைக் கொண்டே மூச்சை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. இத்தனை வருடம் கழித்தும், இதை யாருக்காவது சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

பெய்ஷெனுக்கும் சொன்னேன். அவன் தலையாட்டினான். கண் பாதி மூடியிருந்தது.

"இப்ப இதக் கேளு. உங்க ஊரு மாவு மில்லுல தண்ணி எப்படி சக்கரத்துக்கு வருது?"

"கால்வாய்ல."

"அந்தக் கால்வாய் கடைசில அகலமா, குறுகலா?"

"குறுகல். அப்பத்தானே வேகமா அடிக்கும்."

"அதே கால்வாய் ரெண்டு மடங்கு அகலமா இருந்தா?"

"தண்ணி சும்மா நழுவிப் போயிடும்."

"அதான் இது." பெரிய நத்தையின் வாய்க்குள் என் மூன்று விரல்களை விட்டுக் காட்டினேன். "உன் இன்ஜின் விடுற புகைக்கு இந்த வாய் அகலம். இன்ஜின் வேகமா சுத்துறப்ப நிறைய புகை வரும், அப்ப இது பிரமாதமா சுத்தும். மெதுவா போறப்ப தூங்கிடும்."

"என்ன மாதிரி," என்றான்.

பிறகு பழைய டர்போவைக் கழற்றினேன். அவனிடம் நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. "செத்துப்போனது சின்னது தானே எஜே? அப்ப பெருசு போடறதுதானே சரி? மாமிர்பெக் பைக்கே அப்படித்தான் சொன்னார்."

மூத்த ஆணுக்கு எங்கள் ஊரில் பைக்கே, அண்ணன். அவன் கேட்டதில் தவறில்லை. காற்றுச் சக்கரத்தின் இதழ்கள் ஓட்டில் உரசி, ஓரமெல்லாம் கடித்துத் துப்பியதுபோல் இருந்தன. தண்டு பல் ஆடுவதுபோல் ஆடியது. வேகம் தாங்காமல் செத்த டர்போவின் முகம் அது. கடல் ஓரத்து ஊர்களை நினைத்துச் செய்த வண்டியை இவன் தோ-அஷூ கணவாய்க்கு ஓட்டுகிறான். அந்த உயரத்தில் காற்றில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. அதே அளவு மூச்சை இன்ஜினுக்குக் கொடுக்க அந்தச் சின்னச் சக்கரம் இன்னும் வேகமாக, தன்னால் முடிவதற்கும் மேலே, சுழல வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் சுழன்றது. ஒருநாள் முடியவில்லை.

ஆக, சின்னது கூடாது, பெரியதும் கூடாது. எந்த அளவு என்பதை இன்ஜின் மட்டும் சொல்லாது. வண்டி எந்த உயரத்தில், எவ்வளவு பாரத்தோடு, எந்த இடத்தில் நின்று கிளம்புகிறது என்று ஓட்டுகிறவன்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் பொய் சொல்வார்கள்.

"எத்தனை பேர ஏத்துவ?"

"நோயாளிய மட்டும்தான்."

"பெய்ஷென்."

"கூட ஒரு ஆளு வருவாங்க. மாமியாரோ, அம்மாவோ."

"அவ்வளவுதானா?"

"மாமியார் வந்தா அம்மா விடுவாங்களா? அப்புறம் வழியில யாராவது கை காட்டுவாங்க. பெரியவங்க நிக்கறப்ப நிறுத்தாம போக முடியுமா? அப்புறம் பிஷ்கெக்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு தயிர் உருட்டிக் காயவெச்ச குருத் மூட்டை, வெண்ணெய்..." அவன் நிறுத்தினான். "ஒரு தடவை ஆடு ஏத்தினேன். அது நோயாளியோட சொந்த ஆடு."

"எங்க நின்னு கிளம்புவ?"

இதற்கு அவன் உடனே பதில் சொன்னான். இங்கேதான் அவனுடைய கவலை இருந்தது. "கணவாய் உச்சில, சுரங்கப்பாதை வாசல்ல. லாரி உள்ள மாட்டிக்கிட்டா எல்லாரும் ஏத்தத்துலயே நிக்கணும். இப்ப ஜூன்ல மந்தை வேற. சமவெளியிலருந்து எல்லா ஆடும் மேய்ச்சலுக்கு மலையேறி அந்தப் பக்கம் வருது. நான் ஏறுறப்ப எதிர்ல வரும், இல்ல முன்னால போகும். ஹாரன் அடிக்கக் கூடாது. அடிச்சா சிதறிப் பள்ளத்துல விழும். நடக்கற வேகத்துல போய், நின்னு, போய், நின்னு..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஜீபெக்குக்கு இந்த மாசம், எஜே."

ஜீபெக் அவன் மகள். அந்த ஊரின் நர்ஸும் அவள்தான், டாக்டர் கிடையாது. முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இதையும் அப்படித்தான் எடுக்க வேண்டும், அதற்கு கரா-பால்தா ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும்.

"முன்னாடியே கூட்டிட்டு வந்துடேன். என் வீட்டுல இருக்கட்டும்."

"சொல்லாமலா இருப்பேன்? மாத்து நர்ஸ் வந்தாத்தான் எறங்குவேங்கறா. மாத்து நர்ஸ் நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு சொல்லுது. யாரோட காரிலயாவது உக்கார வெச்சுக் கூட்டிட்டு வரலாம். ஆனா வழியில வலி வந்துட்டா படுக்கணும், பாட்டில் மாட்டணும். அதுக்கு இந்த வண்டி வேணும்."

என் அலமாரியில் இருந்த சாமான்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய டர்போவின் புகைப்பக்கத்து ஓடு நன்றாகவே இருந்தது. வாய் குறுகல், குறைந்த புகையிலும் விழித்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு, காற்றுப் பக்கத்தில் மட்டும் ஓர் அளவு பெரிய சக்கரமும் அதற்கேற்ற ஓடும் போட்டால், மெலிந்த காற்றிலும் அது வெறிபிடித்தாற்போல் சுழல வேண்டியதில்லை. இரண்டு டர்போவைக் கலந்து ஒன்று. சொன்னேன். பெய்ஷெனின் முகம் ஒரு கணம் தெளிந்தது, உடனே வாடிவிட்டது.

"மாமிர்பெக் பைக்கே நாளைக்கு வராரு," என்றான். "அவரு குடுத்தத மாட்டறதப் பாக்க."

மாமிர்பெக் இரண்டு உறவினர்களோடு வந்தார். நல்ல மனிதர். வந்ததும் என் முழங்கால் வலியை விசாரித்தார், ரொட்டியும் தேனும் மேசைமேல் வைத்தார். பிறகு கலப்புக்காக அலமாரியில் நான் எடுத்து வைத்திருந்த சின்ன நத்தையைப் பார்த்தார்.

"இது என்ன, கீசெயா?" என்றார். கீசெ என்பது டீ குடிக்கிற கிண்ணம்.

உறவினர்கள் சிரித்தார்கள்.

நான் மாவு மில் கால்வாயைச் சொன்னேன். மெலிந்த காற்றைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அனார்குல், நான் லாரிக்காரங்களோட முப்பது வருஷம் இருக்கேன். ஏத்தத்துக்கு இழுவை வேணும். இழுவைக்குப் பெருசு வேணும். ஆடு வெட்டி வாழ்த்தின சாமான அலமாரியில வெச்சுட்டு, ஆம்புலன்ஸுல கிண்ணத்த மாட்டி அனுப்பினா ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

"ஊரு மலை ஏறணும்னு சொல்லும்."

"மாட்டுங்க. ஓட்டிப் பாப்போம். சரியில்லன்னா நானே கழட்டச் சொல்றேன்."

மாட்டினேன். இணைப்புத் தகடு ஒன்று அறுத்து, எண்ணெய்க் குழாயை நீட்டி, டீசல் பம்பைக் கொஞ்சம் திருகி, அரை நாள் வேலை. முடிந்ததும் பிஷ்கெக் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சமவெளி, நேர்சாலை, வண்டியில் நாங்கள் மட்டும். நான்காம் கியரில் டர்போ விழித்துக்கொண்டதும் முதுகு இருக்கையில் அழுந்தியது. அந்த விசிலைக் கேட்டதும் எனக்கே பொறாமையாக இருந்தது. மாமிர்பெக் டாஷ்போர்டில் தட்டினார். "பறக்குது! என்ன சொல்றீங்க?"

"கணவாய்ல சொல்றேன்," என்றேன். "அந்தக் கூட்டம் மொத்தத்தையும் ஏத்திக்கணும். மாமியார், அம்மா, குருத் மூட்டை எல்லாம்."

மாமியாருக்குப் பதில் பார்லி மூட்டைகள் ஏற்றினோம். உறவினர்கள் பின்னால் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தார்கள். கீழ்ச் சாலையில் நன்றாகத்தான் போனது. வேகம் கிடைக்கிற இடங்களில் நத்தை பாடியது. வளைவுகள் நெருங்க நெருங்கப் பாட்டு குறைந்தது. கடைசி ஏற்றத்தில், சுரங்கத்துக்குக் கொஞ்சம் கீழே, மந்தையின் வால் தெரிந்தது.

சாலை முழுக்க முதுகுகள். ஓரமாக ஒரு குதிரை, அதன்மேல் இடையன், அவனுக்குப் பின்னால் போர்வையில் சுருட்டிய ஆட்டுக்குட்டி. பெய்ஷென் பிரேக் போட்டான். ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு நின்றன. பிறகு கொஞ்சம் வழி கிடைத்தது. அவன் கிளட்சை விட்டான்.

இன்ஜின் கனைத்தது. வண்டி முன்னே ஒரு முழம் நகர்ந்து, குலுங்கி, அணைந்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்தான். ஆக்சிலரேட்டரை அழுத்தினான். காற்று இல்லாமல் டீசல் மட்டும் போனால் என்ன ஆகுமோ அது ஆனது: கண்ணாடியில் பின்னால் இருந்த மலை தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை. ஆடுகள் தும்மின. நத்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுற்ற அது எழுந்திருக்க வேண்டும்.

"கியர இறக்குடா!" என்றார் மாமிர்பெக்.

"இதுக்குக் கீழ கியர் இல்ல பைக்கே."

அவன் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு இன்ஜினை அலறவிட்டான். வண்டி நகர்ந்தது. கூடவே கிளட்ச் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. ஐந்தாறு கார் நீளம் போனதும் மறுபடி ஆடுகள்; மறுபடி நின்றோம். இப்படி இன்னும் சில தடவை நின்றால் கிளட்ச் மிச்சமிருக்காது.

இடையன் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். உள்ளே மூட்டைகளையும் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்த தடித்த ஆண்களையும் பார்த்தான். "யாருக்கு உடம்பு சரியில்ல? வண்டிக்கா?"

அவன் உச்சுக்கொட்டிவிட்டு ஆடுகளை ஓரம் கட்டப் போனான்.

மாமிர்பெக் இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். நாங்களும் இறங்கினோம். அந்த உயரத்தில் நாலடி நடந்தாலே எல்லோரும் வாயைத் திறந்துதான் மூச்சு விட வேண்டும்.

"மந்தை ஒரு மாசந்தான்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்புறம் ரோடு காலியா இருக்கும். அப்ப இது எப்படி ஓடும்னு பாத்தீங்க இல்ல?"

"ஜீபெக் இந்த மாசம், பைக்கே," என்றான் பெய்ஷென்.

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கழுத்து மணிகள் குலுங்க ஆடுகள் மேலே நகர்ந்தன. பிறகு மாமிர்பெக், "எங்க அம்மாவ இந்த ரோட்டுலதான் லாரியில கொண்டு வந்தோம்," என்றார். "அது எப்படி ஏறுச்சுன்னு கேக்கறியா? மாட்டோட நடந்து போன ஒருத்தன் எங்களத் தாண்டிப் போனான். தாண்டிப் போறப்ப உள்ள எட்டிப் பாத்து சலாம் சொன்னான். அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியல. நான்தான் சொன்னேன்." கல்லிலிருந்து எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "அதனாலதான் இருக்கறதுலயே பெருசா எடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அதற்கு மேல் மில்லையும் கால்வாயையும் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் நினைத்தது சரி. அளவுதான் தப்பு.

"வாழ்த்தின பெரியவருகிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்," என்றான் பெய்ஷென்.

வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கினோம். பட்டறை வாசலில் மாமிர்பெக் வண்டியைவிட்டு இறங்கி, தன் காரில் ஏறிப் போய்விட்டார். கழற்றிய பெரிய நத்தையைப் பிறகு அவர் ஆள் ஒருவன் வந்து எடுத்துப் போனான். வெள்ளைத் துணியை மறந்துவிட்டான். அதில் நான் பேரிங் துடைத்தேன்.

கலப்பு டர்போவைச் செய்ய நேரம் பிடித்தது. காற்றுச் சக்கரத்தைப் பொருத்துவது பெரிய வேலையில்லை, சமன்படுத்துவதுதான் வேலை. நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுழலப் போகிற தண்டு அது. ஒரு பக்கம் நகத்தின் அழுக்களவு எடை கூடினாலும், அந்த வேகத்தில் அது சுத்தியலாகி அடிக்கும். இயந்திரத்தில் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் என்று பார்த்து, அங்கே தூசி அளவு உலோகத்தைத் தேய்த்து, மறுபடி சுழலவிட வேண்டும். ஒரு காலத்தில் எனக்கு இது தூக்கத்தைக் கெடுக்கிற அளவு பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது. கண்தான் ஒத்துழைக்கவில்லை.

கடைசியாக, புகைப்பக்கத்து ஓட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அழுத்தம் அதிகமானால் திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விட்டுவிடும். அதைச் சீக்கிரம் திறக்கும்படி வைத்தேன். கணவாயின் உச்சியில் தண்டு தப்பிக்க வேண்டுமானால் அதுதான் வழி. அதனால் சமவெளியில் வண்டி பறக்காது என்பதையும் பெய்ஷெனிடம் சொல்லிவிட்டேன்.

"பறக்க வேணாம்," என்றான்.

அவன் ஊருக்குப் போய்ப் பெரியவரிடம் சொல்லியிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. டீ குடுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடுத்தாங்க எஜே."

எங்கள் வீடுகளில் பிரியமான விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் டீ ஊற்றுவோம், மறுபடி மறுபடி ஊற்றலாம் என்பதற்காக. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். ஊரில் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு அப்படிக் கிடைத்திருக்கிறது. அவன் அதைக் குடித்திருப்பான் என்று எனக்குத் தெரியும், கடைசிச் சொட்டுவரை.

கலப்பு டர்போவை மாட்டி முடித்து, மாத்து நர்ஸ் வந்துவிட்டதாகத் தகவல் வந்ததும் நானும் அவனோடு போனேன். புதிதாகச் சமன்படுத்திய தண்டை முதல் ஏற்றத்தில் நானே கேட்டாக வேண்டும். போனில் வர்ணித்தால் போதாது. போகும்போது வண்டி காலி, மந்தையும் குறுக்கிடவில்லை; நிற்காமல் ஏறிவிட்டது. ஊரைத் தொட்டபோது ஜீபெக் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையால் யாரோ ஒரு பெண்ணுக்கு மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்பலருந்து வலி?" என்றான் பெய்ஷென்.

"காலையிலருந்து. லேசாத்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேகமா ஓட்டுவீங்க."

மாமியார் ஏறினார். பெய்ஷெனின் மனைவியும் ஏறினாள். குருத் மூட்டை ஏறியது. எல்லாம் கணக்கில் இருந்ததுதான்.

தெற்குப் பக்க ஏற்றத்தில் மந்தை எதிரே வந்தது. சுரங்கத்துக்குள் ஒரு லாரி நின்றுவிட்டதால் வாசலில் வண்டிகள் வரிசையாக ஏற்றத்திலேயே நின்றன. பெய்ஷென் வரிசையை விட்டு ஓரமாக ஏறி, ஆடுகளுக்குள் வண்டியை மெல்ல நுழைத்து, நின்றான். பின்னால் ஜீபெக் பற்களைக் கடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவது கேட்டது. மாமியார் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆடுகள் விலகின. பெய்ஷென் கிளட்சை விட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கனைப்பு, கொஞ்சம் புகை நாற்றம், பிறகு, இன்ஜின் இன்னும் தாழ்ந்த சுருதியில் இருக்கும்போதே, அடியில் ஊசிபோல் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. வண்டி ஏறியது. குதிக்கவில்லை, பாயவில்லை. களைத்த ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறுவதுபோல் ஏறியது. மறுபடி நின்றோம். மறுபடி ஏறியது. விசிலில் நடுக்கம் இல்லை.

"எஜே," என்றாள் ஜீபெக் பின்னாலிருந்து, மூச்சு வாங்கியபடி. "என்னப் பாக்க வந்தீங்களா, உங்க நத்தையப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டு பேருமே சத்தம் போடாம வாங்க," என்றேன்.

அவள் சிரிக்கப் போய், வலியில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெய்ஷென் திரும்பிப் பார்க்கவில்லை.

சுரங்கத்து வாசலில் லாரியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். உள்ளே புகையும் இருட்டுமாக ஊர்ந்து, வடக்கு வாசலில் வெளிச்சத்துக்கு வந்தோம். அதன் பிறகு இறக்கம்தான். சமவெளியில் பிஷ்கெக் போகும் டாக்சிகள் எங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வண்டியில் வேறு யாருக்கும் உறுத்தவில்லை.

பெண் குழந்தை. இருவரும் நலம் என்று வெளியே வந்த டாக்டரம்மா சொன்னபோது, பெய்ஷெனின் மனைவியும் சம்பந்தியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெய்ஷென் தலையை ஆட்டிவிட்டு முற்றத்துக்குப் போனான்.

மாமிர்பெக்குக்கு நான்தான் போன் செய்தேன். கேட்டுக்கொண்டார். "சுரங்கத்து வாசல்ல நின்னு கிளம்புச்சா?" என்றார்.

"ரெண்டு தடவை நின்னு கிளம்புச்சு."

"அணைஞ்சுதா?"

"இல்ல."

பிறகு, "பெரியவரு கோவமா இருக்காரு. இனிமே நான் எதக் குடுத்தாலும் உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னு சொல்றாங்க," என்றார். நல்லதாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை. வைத்துவிட்டார்.

முற்றத்தில் ஆம்புலன்ஸின் முன்பக்கத்தைத் திறந்து, டர்போவைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பெய்ஷென் டிரைவர் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் ஒரு தட்டில் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். நானும் அப்படியே படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெயில் நன்றாக இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

டாஷ்போர்டில் அவன் போன் அடித்தது. நான் எடுத்தேன். மாத்து நர்ஸ். மேய்ச்சலில் ஓர் இடையனைக் குதிரை உதைத்துவிட்டதாம். விலா எலும்பு போல் தெரிகிறதாம். மூச்சு விடக் கஷ்டப்படுகிறானாம்.

ரொட்டியைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவனை எழுப்பவில்லை. பிறகு தோளைத் தொட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் முகத்தைக் குழாயில் கழுவிக்கொண்டு, மகளைப் பார்க்க உள்ளே ஒரு தரம் போய்விட்டு வந்தான்.

"ஆடு இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கும், இல்ல?" என்றான்.

"இருக்கும்."

"சரி. மெதுவாத்தான் போகணும்."

வண்டி முற்றத்தைவிட்டுத் திரும்பி, மலைப்பக்கச் சாலையில் ஏறியது.